சுவர்ப்பக்கம், படிக்கட்டுப்பக்கம்

மர்பி டவுனில் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு விடும் எண்ணத்தில்தான் கட்டினோம். சின்னக் குடும்பம் ஒன்று வரும், சாயங்காலம் பேச்சுத்துணைக்கு ஒருத்தி இருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். வந்தது ஒரு கார். அதுவும் காராக வரவில்லை. டெம்போவில் துருப்பிடித்த கூடாக வந்தது. கதவுகள் தனி, இருக்கைகள் தனி, இஞ்சின் ஒரு கோணிக்குள். என் கணவரும் மகளும் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, மணப்பெண்ணை அழைத்து வருகிறவர்களின் முகத்தோடு வந்து இறங்கினார்கள்.

"எங்கிருந்துடீ பிடிச்சீங்க இந்தப் பொணத்த?" என்று கேட்டேன்.

"பொணம் இல்ல மம்மி. மயக்கத்துல இருக்கு," என்றாள் மகள். அப்போது அவள் காலேஜில் கடைசி வருடம்.

அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். கூர்க் பக்கம் ஒரு காபித் தோட்டத்து ஷெட்டில் கிடந்ததாம். ஓட்டுபவரின் இருக்கையில் கோழி அடை காத்துக்கொண்டிருந்ததாம். கூரை கிடையாது. மழைக்கு மூட ஒரு துணி உண்டு, அதுவும் பாதியில் சிக்கிக்கொள்ளும். உள்ளே உட்கார்ந்தால் தரையில் சம்மணம் போட்ட மாதிரிதான். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து பஸ்ஸின் சக்கரம் நம் முகத்துக்கு நேராக இருக்கும்.

அதைக் காராக்க சில வருடங்கள் பிடித்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பாவும் பெண்ணும் சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளுக்குப் போவார்கள். மதியம் கறுத்த கையோடு திரும்புவார்கள். இந்த ஊர் ஸ்பேனர் எதுவும் அந்தக் காரின் நட்டுக்குச் சேராது, எல்லாம் அங்குலக் கணக்கு. இஞ்சின் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணெய் சொட்டவும் ஆரம்பித்தது. "சொட்டினா உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம். சொட்டலன்னாதான் பயப்படணும்," என்பார் என் கணவர். என் கிறிஸ்துமஸ் கேக் தட்டு அதற்கடியில் போய்ச் சேர்ந்தது. அந்த டிசம்பரில் பக்கத்து வீட்டில் தட்டு இரவல் வாங்கினேன்.

நான் பயந்த சுபாவம். பள்ளியில் அறிவியல் சொல்லித் தருகிறேன். ஸ்பிரிட் விளக்கை நானே ஏற்றி நானே அணைப்பேன், பிள்ளைகளை விடமாட்டேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தூங்குகிறவளின் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அவளுக்கு இப்போது இருபத்தாறு வயது. போன வருடம்கூட ஒரு காய்ச்சலில் அப்படி வைத்தேன். கண்ணைத் திறக்காமலேயே, "கடிச்சிடுவேன் மம்மி," என்றாள்.

அப்படிப்பட்ட நான் இந்தக் கார் வேலைக்குள் எப்படி வந்தேன் என்றால், காதால். அதற்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கவேண்டும், இல்லாவிட்டால் இஞ்சின் நொண்டும். பார்க்கக் கருவி இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு ரப்பர் குழாய்தான் கருவி. ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை ஒவ்வொன்றின் வாயருகேயும் காட்டினால் 'ஸ்ஸ்' என்று இழுக்கும் சத்தம் கேட்கும். இரண்டு சத்தமும் ஒன்றாகும் வரை திருகைத் திருப்பவேண்டும். என் கணவர் அச்சகத்தில் வாழ்நாளெல்லாம் இயந்திரங்களுக்கு நடுவே நின்றவர், காது மந்தம். மகளுக்குப் பொறுமை போதாது. நான் கோயில் பாடற்குழுவில் இரண்டாம் குரல் பாடுகிறவள். பக்கத்துக் குரல் ஒரு மயிரிழை இறங்கினாலும் எனக்குத் தெரியும்.

"முன்னாடி இருக்கறது ஜாஸ்தி இழுக்குது," என்பேன். மகள் திருகுவாள். "இன்னும் சொல்ப, கொஞ்சமே கொஞ்சம்." திருகுவாள். "இப்ப சரி." அந்த வேளைகளில் எங்கள் தலைகள் இரண்டும் முட்டிக்கொள்ளும் அளவுக்கு அருகில் இருக்கும். அவள் தலைமுடியில் பெட்ரோல் வாசம் அடிக்கும். வளர்ந்த பெண்ணின் தலைக்கு அவ்வளவு அருகில் இருக்க வேறு எந்த வீட்டில் ஒரு தாய்க்கு வாய்க்கிறது? எனக்கு அந்தக் கார் பிடித்துவிட்டது என்பதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு அவள் அதைப் பந்தயத்தில் ஓட்டவேண்டும் என்றாள்.

ஓசூர் ரோட்டில், ஹெப்பகோடியைத் தாண்டி வெகுதூரம் உள்ளே போனால், இப்போது எந்த விமானமும் இறங்காத ஒரு பழைய ஓடுதளம் இருக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடி அங்கே பந்தயம் நடத்துகிறார்கள். ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து வளைவுகள் அமைத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார் மட்டும் ஓடும். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். "மோதறதுக்கு ஆளே இல்ல மம்மி. நானும் கடிகாரமும்தான்," என்று சொல்லித்தான் என்னைச் சம்மதிக்க வைத்தாள்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமைகளில் என்பதால் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்விடுவோம். அங்கே பல் டாக்டர்கள், ரிட்டயர்ட் கர்னல்கள், ஒரு பேக்கரிக்காரர் எல்லாரும் மேலங்கியில் எண்ணெய்க்கறையோடு நிற்பார்கள். ஒருவர் காரில் கெட்டுப்போனதை இன்னொருவர் தன் காரிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு, அவரிடமே தோற்றும் போவார். மரத்தடியில் பிரியாணி டப்பாக்கள் திறக்கும். முதல் தடவை நான் கண்ணாடியில் ஒரு ஜபமாலையைத் தொங்கவிட்டிருந்தேன். கார்களைச் சோதிக்கிறவர் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"தொங்கறது எதுவும் இருக்கக்கூடாது மேடம். திரும்பும்போது கண்ணுல அடிக்கும்."

"மாதா கண்ணுல அடிப்பாங்களா?"

"மாதா அடிக்கமாட்டாங்க. மணி அடிக்கும்."

மகள் ஓடி முடிக்கிறவரை அந்த மாலை என் கையில்தான் இருக்கும். நேரப் பட்டியலில் எப்போதும் நடுவில் எங்காவது வருவாள். எனக்கு அதுவே போதுமென்று இருக்கும்.

இனி சொல்லவேண்டியதைச் சொல்ல அந்தக் காரின் சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சைக்கிள் சக்கரம்போல் கம்பிகள் கோத்தது. மற்ற கார்களில் நாலைந்து நட்டுகள் சக்கரத்தைப் பிடித்திருக்கும். இதில் நடுவே ஒரே ஒரு பெரிய நட்டு, அதற்கு இரண்டு காது. அந்தக் காதைச் செம்புத் தலை வைத்த சுத்தியலால் அடித்துத்தான் இறுக்குவது, கழற்றுவது எல்லாம். காரின் எந்தப் பக்கமானாலும் மேலே நிற்கும் காதை முன்னோக்கி அடித்தால் கழலும், பின்னோக்கி அடித்தால் இறுகும். அதற்காகவே வலப்பக்கத்து மரையும் இடப்பக்கத்து மரையும் ஒன்றுக்கொன்று எதிராக வெட்டியிருக்கிறார்கள். கார் முன்னால் போகப் போக நட்டு தானாக இறுகிக்கொண்டே போகும். யாரோ நல்ல மனிதர் யோசித்திருக்கிறார் என்று நான் நினைத்ததுண்டு. ஒரு பக்கத்துப் பாகத்தை மறு பக்கத்தில் போட்டுவிட்டால் அதே யோசனை தலைகீழாக வேலை செய்யும், ஓட ஓடக் கழலும். அது எனக்கு அப்போது தெரியாது.

சென்ற ஜனவரிப் பந்தயத்தில், அவள் இரண்டாவது வளைவைத் தாண்டும்போது, முதலில் நான் பார்த்தது சக்கரத்தைத்தான். அது காருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கார் ஓடும்போது அதன் சக்கரம் எப்படித் தனியாக முன்னால் போகும் என்று புரியாமல், புரியவேண்டும் என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிதானமாக, எங்கோ போகவேண்டிய வேலை இருப்பதுபோல் அது உருண்டு, ஓடுதளத்தைத் தாண்டி, புல்லுக்குள் நுழைந்து, தட்டாமாலை சுற்றிக் களைத்த குழந்தைபோல் தள்ளாடி விழுந்தது. அதற்குப் பிறகுதான் திரும்பினேன். கார் வலப்பக்கப் பின்பகுதியைத் தரையில் தேய்த்துக்கொண்டு, பொறி பறக்க, ஒரு முழுச்சுற்றுச் சுற்றி நின்றிருந்தது. தூசிக்குள் அவள் தெரியவில்லை.

நான் ஓடினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. தூசிக்குள்ளிருந்து அவள் குரல் வந்ததுதான் நினைவிருக்கிறது.

"ஓடாத மம்மி. உனக்கு முட்டி வலி. நா நல்லா இருக்கேன்."

நன்றாகத்தான் இருந்தாள். பெல்ட் இழுத்த இடத்தில், தோளிலிருந்து மார்பு வரை கன்றிப்போயிருந்தது. அன்று மாலை களிம்பு தடவும்போது பார்த்தேன், கத்தரிக்காய் நிறத்தில் ஒரு பட்டை. "வலிக்குதா?" என்றேன். "நீ அழுதா வலிக்குது," என்றாள். நான் தடவி முடிக்கும் வரை அழவில்லை.

"பழைய இரும்பு, ஒடிஞ்சிடுச்சு," என்றார் என் கணவர். பார்த்துச் சொன்னதல்ல, ஏதாவது சொல்லவேண்டும் என்று சொன்னது. ஆனால் எனக்கு அதுதான் நிலைத்துவிட்டது. இரும்பு சொல்லாமல் ஒடியும் என்றால், இந்த ஊரில் எத்தனை இரும்பின் மேல் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்து போகிறார்கள்? மகள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிற பெண். ஹெப்பகோடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை அவளுக்கு வேலை. அந்த பஸ் கிளம்பினால், போய்ச்சேர்ந்துவிட்டேன் என்று அவள் சொல்கிற வரை நான் வகுப்பில் பாடம் எடுக்கவில்லை, வாயை அசைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் எந்த ஆட்டோ போனாலும் என் கண் அதன் சக்கரத்துக்குப் போனது. சிவாஜிநகர் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி, அந்தக் கார் எங்கள் வீட்டைவிட்டுப் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

கன்றல் மஞ்சளாக மாறிய பிறகு ஒரு சனிக்கிழமை காலை, மகள் கீழே இறங்கிக் காரைப் பழுது பார்க்க உட்கார்ந்தாள். அவரைக்கொட்டைப் பருவம். நான் படிக்கட்டில் உட்கார்ந்து ஊறவைத்த கொட்டைகளைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தேன். என் கணவர் நாற்காலியில் செய்தித்தாளோடு. மகள் மீதியிருந்த பின்சக்கரத்தை, இடப்பக்கத்துச் சக்கரத்தை, கழற்றச் சுத்தியலை எடுத்தாள். காதை முன்னோக்கி அடித்தாள். அசையவில்லை. இன்னொரு அடி. அசையவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு பின்னோக்கி, மெதுவாக, ஒரே ஒரு தட்டு. நட்டு விரலாலேயே சுழன்று அவள் மடியில் விழுந்தது.

அவள் அதை எடுத்து மரையைப் பார்த்தாள்.

"டாடி."

அவருக்குக் கேட்கவில்லை.

"டாடி, நவம்பர்ல நான் பின்பக்கத்தக் கழட்டி பாலிஷுக்குக் குடுத்தப்ப, கார் எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு?"

"தெருவப் பாத்து."

"இப்ப உள்ள பாத்து நிக்குது."

"அட, சுண்ணாம்பு அடிக்கறதுக்கோசரம் திருப்பினமே. நானும் பக்கத்து வீட்டுப் பசங்களும். பின்னாடி சக்கரம் இல்ல, உருட்டற ஜாக்கில வெச்சுத் தள்ளிட்டு வந்தோம். நீ அன்னிக்கு வேலைக்குப் போயிருந்த. ஏன்?"

என் விரல்களுக்கிடையே ஒரு கொட்டை அப்படியே நின்றது.

அது இப்படி நடந்திருக்கிறது. சக்கரம் ஏறி உட்காரும் மரை வைத்த உருளைகளை அவள் பாலிஷுக்காகக் கழற்றினாள். எது எந்தப் பக்கம் என்று தெரிய, ஒன்றை அதன் நட்டோடு சேர்த்துச் சிவப்புத் துணியில் கட்டினாள், அது சுவர்ப்பக்கம். மற்றதை வெள்ளைத் துணியில் கட்டினாள், அது படிக்கட்டுப்பக்கம். எங்கள் வீட்டில் அப்படித்தான். அந்த இடத்தில் யாரும் வலம் இடம் என்று சொல்வதில்லை. சுவர்ப்பக்கக் கதவு, படிக்கட்டுப்பக்க விளக்கு என்றுதான் எல்லாரும் சொல்வோம். காரும் எப்போதும் தெருவைப் பார்த்தே நிற்கும். சுண்ணாம்பு அடிப்பதற்காக ஒருமுறை திருப்பினார்கள். திருப்பியது அப்படியே நின்றது. பாலிஷ் போட்டு வந்ததும் சிவப்புத் துணியைச் சுவர்ப்பக்கம் மாட்டினாள், வெள்ளையைப் படிக்கட்டுப்பக்கம் மாட்டினாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள், கார் மட்டும் மாறி நின்றது. நட்டின் மேல் கழற்றும் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும். அதற்கு எதிராக அடித்தாள், கணீரென்று இறுகியது. இறுகியதை மூவரும் காதால் கேட்டோம். அது எந்தத் திசையில் இறுகியது என்று யாரும் பார்க்கவில்லை.

"அப்ப, இரும்பு ஒடையலயா?" என்று கேட்டேன்.

"இல்ல மம்மி. நான்தான் மாத்திப் போட்டிருக்கேன்."

"அப்பாடா," என்றேன்.

வாய்விட்டுத்தான் சொன்னேன். இரும்பு தானாக ஒடிந்ததென்றால் நாளைக்கும் ஒடியும், எங்கும் ஒடியும், யாரும் ஒன்றும் செய்யமுடியாது. தப்பு என்றால் திருத்திவிடலாம். பந்தய நாளுக்குப் பிறகு அன்றுதான் என் நெஞ்சு முழு மூச்சு வாங்கியது. ஆனால் மகள் நான் அறைந்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள்.

"என்ன அப்பாடா? கூட யாராவது உக்காந்திருந்தா? ரோட்டுல கழண்டிருந்தா? தெனம் அடுத்தவங்க செஞ்ச பார்ட்ட அளந்து தப்புன்னு திருப்பி அனுப்பறவ நான்."

"நான்தானம்மா காரைத் திருப்பினேன்," என்றார் என் கணவர்.

"திருப்பினது நீங்க. பாக்காம மாட்டினது நான்."

நட்டைத் துடைத்து, ஒரு துணியில் சுற்றி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மேலே போனாள். அதற்குப் பிறகு அவள் கையில் ஸ்பேனர் எடுக்கவில்லை. என் கணவர்தான் உருளைகளை மாற்றிப் போட்டார், நசுங்கிய தகட்டைத் தட்டி எடுக்கச் சொன்னார், தேய்ந்துபோனதற்கு மாற்று தேடிப் பிடித்தார். அவள் எட்டிப்பார்க்கவில்லை. அதோடு நிற்கவில்லை. சமையல் கேஸ் சிலிண்டர் மாற்றும்போது ரெகுலேட்டரைப் பொருத்திவிட்டு, "மம்மி, நீ ஒரு தடவ பாரு," என்பாள். நான் பார்த்துச் சரி என்ற பிறகு தானும் இன்னொரு தடவை பார்ப்பாள். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பி வருவாள். வேலையிலும் ஒரே பாகத்தைத் திரும்பத் திரும்ப அளக்கிறேன், பேஜாரா இருக்கு என்று ஒருமுறை வாய் தவறிச் சொன்னாள். பயம் என்னிடமிருந்து இறங்கி அவள்மேல் ஏறிக்கொண்டதுபோல் இருந்தது.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். "வித்துடலாம் மம்மி."

என் கணவர் தட்டைப் பார்த்தார். நான் மெழுகுவத்தி ஏற்றிக் கேட்டது இதைத்தான். கேட்டது கிடைக்கும்போது அதைச் சொன்ன முகம் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. "உன் இஷ்டம்," என்றேன். அன்றைய ரசத்தில் உப்பே இல்லை. யாரும் சொல்லவில்லை.

இணையத்தில் விளம்பரம் போட்டதும் ஒரு வாலிபன் வந்தான். ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, இது ஓட்டறதுக்குப் பத்திரமான வண்டிங்களா?"

அவர் கண்ணைப் பார்த்தேன். அந்தக் கண் எனக்குத் தெரியும். தினமும் முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்ப்பதுதான். காரை விற்கவேண்டும் என்பது எனக்கு மறந்தே போயிற்று.

"எதுவும் மறைக்கக்கூடாதுங்க," என்று தொடங்கினேன். "பெல்ட் நாங்க வெச்சது, அத எப்பவும் போடச் சொல்லுங்க. மழைல வெளிய எடுக்க வேணாம், பிரேக் பிடிக்க நேரமாகும். சுவர்ப்பக்கக் கதவு, இடது பக்கக் கதவு, வேகமாத் திரும்பினா தானா திறந்துக்கும்."

"மம்மி, அது போன வருஷம். நான் சரி பண்ணிட்டேன்," என்றாள் மகள். அதுவரை அவள் படிக்கட்டில் தள்ளி நின்றிருந்தாள்.

"சரிங்க, சரி பண்ணிட்டா. அப்புறம் இஞ்சின் சூடாகும். எம்.ஜி. ரோட்டு டிராஃபிக்ல நின்னா முள்ளு மேல ஏறும், அப்ப ஹீட்டரப் போட்டு விடணும்."

"வெயில்ல ஹீட்டராங்க?" அந்த அம்மா மகனைப் பார்த்தார். "கேட்டியா கண்ணு?"

"அது சும்மா ஆன்ட்டி, சூட்ட வெளிய தள்றதுக்கு," மகள் கீழே இறங்கி வந்துவிட்டாள். "அதுவும் எப்பவாவதுதான். மம்மி சொல்றத பாதி கழிச்சுக்குங்க. இவங்க லிஃப்ட்ல ஏறும்போதே சிலுவை போடுவாங்க."

"எங்கம்மா எஸ்கலேட்டர்லயே ஏறமாட்டாங்க," என்றான் அவன். இரண்டு பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"சக்கரம் எப்படிங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

நான் மகளைப் பார்த்தேன். அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு அவளே சொன்னாள், நடந்ததை எல்லாம், துணி கட்டியது முதல். சுத்தியலை எடுத்து, முன்னால் அடித்தால் என்ன ஆகும், பின்னால் அடித்தால் என்ன ஆகும் என்று காட்டினாள். சுத்தியலைத் தான் கையில் எடுத்ததை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. சொல்லும்போது குரல் ஓரிடத்தில் இறங்கியது. அந்த அம்மா அவள் தோளைத் தொட்டு, "உனக்கொண்ணும் ஆகலீல்ல சாமி?" என்றார். கார் வாங்க வந்தவர்கள் என்பதை எல்லாரும் மறந்திருந்தோம், அந்தப் பையனைத் தவிர.

"இஞ்சின் ஸ்டார்ட் பண்ணிக் காட்டறீங்களா?" என்றான்.

வாரக்கணக்கில் ஓடாத இஞ்சின். இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. எனக்குக் கேட்டது.

"பின்னாடி இருக்கறது ஜாஸ்தி இழுக்குது," என்றேன்.

"குழாய் வெக்காமலேயா?"

"நீ வெச்சுப் பாரு."

அவள் பானெட்டுக்குள் குனிந்தாள். நானும் குனிந்தேன். குழாய் என் காதில், திருகு அவள் விரலில். இன்னும் சொல்ப. இன்னும். அதிகம், திருப்பு. சரி. நொண்டல் நின்று இஞ்சின் ஒரே குரலில் பாட ஆரம்பித்தது. நிமிர்ந்தபோது அவள் கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு.

"சக்கத்தா இருக்கு, சூப்பர். நான் எடுத்துக்கறேன்," என்றான் அவன்.

மகள் கையைத் துடைத்தாள். நிதானமாக, ஒவ்வொரு விரலாக.

"சாரி. விக்கல."

"அப்ப எதுக்கு விளம்பரம் போட்டீங்க?"

"எங்க மம்மி விடமாட்டாங்க," என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். படிக்கட்டிலிருந்து என் கணவரும். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவன் முகம் சுருங்கிப்போனது, பாவம். காபி கொடுத்தேன், பாதி குடித்தான். அவன் அம்மா மட்டும் போகும்போது என் இரண்டு கையையும் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

ஆனால் விற்காமல் இருப்பது வேறு, ஓட்டுவது வேறு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குப் பிறகு, ஏரி வரைக்கும் போய்ப் பார்க்கலாம் என்றாள். நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். யாரும் கேட்கவில்லை, நானேதான். என் கணவர் ஒவ்வொரு நட்டையும் அடித்துக் காட்டியிருந்தார், அவளும் அடித்திருந்தாள். தெருமுனையில் நிறுத்தி இறங்கினாள். நான்கு சக்கரத்தையும் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு ஏறினாள். பால் பூத்தருகே மறுபடி நிறுத்தினாள். இறங்கினாள். பூத்துக்காரர், "ஏனாயித்து மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டார். "ஏனில்லா," ஒன்றுமில்லை என்றாள். மார்க்கெட்டுக்கு முன்னால் மறுபடி. பின்னால் ஓர் ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்து பார்ப்பதை நான் உள்ளிருந்து பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இடத்தில் வியர்வை ஈரமாக இருந்தது.

ஏரிக்கரைத் திருப்பத்தில் மறுபடியும் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டப் போனாள்.

"நிறுத்தாத," என்றேன்.

"ஒரே ஒரு தடவ மம்மி."

"நக்கோ, வேணாம். பாத்தது போதும்."

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். பயப்படறதுக்கு நான் ஒருத்தி இருக்கேன், முழு நேர வேலையா. நீ ஓட்டு."

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் அப்படியே, நிற்பதா போவதா என்று தெரியாத வேகத்தில் போனது. பிறகு கிளட்சை மிதித்துக் கியரை மாற்றினாள். கார் திருப்பத்தில் நுழைந்தது. என் பக்கத்துச் சக்கரம் எனக்குக் கீழே எங்கோ உருண்டுகொண்டிருந்தது, அதை எட்டிப்பார்க்க எனக்கு மனம் அடித்துக்கொண்டது. பார்க்கவில்லை. அவளைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, சாலையை மட்டும் பார்த்தபடி, என் மகள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.